கூட்டுத் தொழிலுக்கு வருமான வரி ரிட்டர்ன்: முதலில் பத்திரத்தை எடுங்கள்

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து மசாலாப் பொடி அரைத்து விற்கிறோம், ஆளுக்குப் பாதி. லாபத்தை இரண்டாகப் பிரித்து அவரவர் கணக்கில் காட்டினால் வரி வேலை முடிந்தது என்றுதான் முதல் வருஷம் நினைத்தோம். தப்பு. வருமான வரிச் சட்டத்தைப் பொறுத்தவரை கூட்டாண்மை நிறுவனம் தனி ஆள். அதற்குத் தனி பான், தனி ரிட்டர்ன். லாபம் எவ்வளவு சிறியதானாலும் 30 சதவீத வரி, அந்த வரித்தொகையின் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி). தனிநபருக்கு உள்ள வரியில்லா அடிப்படை வரம்பு இதற்குக் கிடையாது. நஷ்டமானாலும் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும்.

படி 1: பத்திரம்

வருமான வரி இணையதளத்தை (போர்ட்டல்) திறக்கும் முன் கூட்டாண்மைப் பத்திரத்தை, அதாவது பங்குதாரர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தை, எடுத்துப் படியுங்கள். இரண்டு விஷயம் அதில் இருக்கவேண்டும்: போட்ட முதலுக்கு (மூலதனத்துக்கு) வட்டி, உழைக்கும் பங்குதாரருக்குச் சம்பளம். வட்டி 12 சதவீதம் வரை செலவாகக் கழியும். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. வட்டி போக மிஞ்சும் லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், எது அதிகமோ அது. மீதிக்கு 60 சதவீதம்.

ஒரு கணக்குப் போடுவோம். லாபம் 8,00,000. ஆளுக்கு 5 லட்சம் முதல், வட்டி மொத்தம் 1,20,000. மிச்சம் 6,80,000. அதில் சம்பளம் 5,40,000 + 48,000 = 5,88,000 வரை போகலாம். வரிக்கு உட்படுவது 92,000 மட்டும். செஸ் சேர்த்து வரி 28,704. பத்திரத்தில் இந்த இரண்டு விஷயமும் இல்லையென்றால்? வரி 2,49,600!

எங்கள் பத்திரத்தில் சம்பளம் 'இருவரும் பேசி முடிவு செய்துகொள்வது' என்று இருந்தது. அது செல்லாது. தொகையோ, அதைக் கணக்கிடும் முறையோ எழுத்தில் இருக்கவேண்டும். திருத்தப் பத்திரம் எழுதினோம். ஆனால் எழுதிய தேதிக்கு முந்தைய மாதங்களுக்கு அது உதவாது.

இன்னொரு பொறி: விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் வழி (1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு). சுலபம்தான். ஆனால் அதில் போனால் பங்குதாரர் சம்பளத்தையும் வட்டியையும் அதற்கு மேல் கழிக்க முடியாது. இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: டிடிஎஸ், முன்கூட்டிய வரி

2025 ஏப்ரல் 1 முதல் புது விதி. ஒரு பங்குதாரருக்குத் தரும் சம்பளம், வட்டி எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீத வரியை முன்னதாகவே பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். இதுதான் டிடிஎஸ். பணமாகத் தராமல் அவருடைய மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் சரி. இதற்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான தனி எண்) வேண்டும். அப்புறம், வரி 10,000 ரூபாயை எட்டினால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் முன்கூட்டிய வரித் தவணை உண்டு.

படி 3: ஐடிஆர்-5

நிறுவனத்தின் பான் எண்ணில் உள்ளே போய் ஐடிஆர்-5 என்ற ரிட்டர்ன் படிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பங்குதாரர் விவரம், பங்கு சதவீதம், லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் கேட்கும். ஜிஎஸ்டி-யில் காட்டிய விற்பனையும் இங்கே போடுவதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடைசித் தேதியைப் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2025-இல் ஜூலை 31 என்பது செப்டம்பர் 15 ஆகி, கடைசியில் 16 ஆனது. தணிக்கை தேவைப்படும் அளவு விற்பனை இருந்தால் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 4: உங்கள் சொந்த ரிட்டர்ன்

பெயர்தான் சம்பளம், சட்டப்படி தொழில் வருமானம். ஆகவே ஐடிஆர்-1 உதவாது, ஐடிஆர்-3. மேலே உள்ள கணக்கில் ஆளுக்கு 2,94,000 சம்பளம், 60,000 வட்டி, மொத்தம் 3,54,000. வேறு வருமானம் இல்லையென்றால், 2025-26 புதிய முறையின் 4 லட்ச வரம்புக்குள் அடங்கிவிடும். பிடித்த 35,400 திரும்பி வரும். நிறுவனம் வரி கட்டியபின் வரும் லாபப் பங்குக்கு உங்களிடம் வரி இல்லை. ஆனாலும் விலக்கு வருமானமாகக் காட்டுங்கள்.

ஆக மொத்தம் மூன்று ரிட்டர்ன். மூன்றையும், போட்ட 30 நாளுக்குள், ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் நாம் போட்டதுதான் என்று சரிபார்க்கவேண்டும். நாத்தனாருடையதை 28-ஆம் நாள்தான் கவனித்தோம். அவர் ஆதாரில் இருந்ததோ எப்போதோ தூக்கிப்போட்ட பழைய நம்பர், ஓடிபி வரவில்லை. நெட் பேங்கிங் வழியாகச் சரிபார்த்துத் தப்பித்தோம்.