விக்கியில் செருகுநிரல் நிறுவுதல்: வேலை முடிந்ததும் கோப்புறையைப் பூட்டும் முறை

விக்கித் தளம் நடத்த உதவும் மென்பொருளான டோக்குவிக்கியில் ஒரு செருகுநிரலை (கூடுதல் வசதி தரும் நிரலை) நிறுவுவதற்கு, நிர்வாகப் பகுதியில் உள்ள நீட்சி மேலாளரில் அதன் பெயரைத் தேடி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சர்வரே ஜிப் கோப்பை இறக்கி, விரித்து, உரிய இடத்தில் வைத்துவிடுகிறது. அதேபோன்ற மற்றொரு மென்பொருளான மீடியாவிக்கியில் அப்படிப்பட்ட பொத்தான் கிடையாது. நீட்சியின் (செருகுநிரலுக்கு அங்கே வழங்கும் பெயர்) கோப்புறையை நாமே சர்வரில் வைத்து, லோக்கல்செட்டிங்ஸ் என்னும் அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்; சில நீட்சிகளுக்குத் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் நிரலையும் ஓட்ட வேண்டும். புதியவர்களுக்கு முதல் முறையே பிடிக்கும், அதில் தவறில்லை. ஆனால் அந்த வசதிக்காக எதைத் திறந்து வைக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

டோக்குவிக்கியின் செருகுநிரல் என்பது சர்வரில் ஓடும் பிஎச்பி மொழி நிரல். அதைத் தனியே அடைத்து வைக்கும் வேலி எதுவும் இல்லை. விக்கி எதையெல்லாம் படிக்குமோ, எழுதுமோ, அதையெல்லாம் செருகுநிரலும் செய்ய முடியும். பயனர்களின் பெயர், மின்னஞ்சல், மறையாக்கம் செய்த கடவுச்சொல் ஆகியவை உள்ள கோப்பும் அதில் அடங்கும். மேலும், பொத்தானை அழுத்தி நிறுவ வேண்டுமென்றால் செருகுநிரல் கோப்புறையில் எழுதும் உரிமை வலைச் சர்வருக்கு இருந்தாக வேண்டும். அந்த உரிமை நிரந்தரமாக இருக்கும் விக்கியில் நிர்வாகியின் கடவுச்சொல் களவுபோனால், களவாடியவர் தமக்கு வேண்டிய நிரலை ஜிப் கோப்பாகப் பதிவேற்றிச் சர்வரிலேயே ஓட்டிவிடலாம். எனவே உரிமையை நிறுவும்போது மட்டும் கொடுத்து, பிறகு திரும்பப் பெறுவதே நான் பரிந்துரைக்கும் வழி.

முதல் படி: காப்புநகல்

டோக்குவிக்கி தரவுத்தளம் இல்லாமல் கோப்புகளிலேயே இயங்குவதால், விக்கியின் கோப்புறையை முழுவதுமாகப் படியெடுத்தால் போதும். மீடியாவிக்கி என்றால் தரவுத்தளத்தையும் சேர்த்துப் படியெடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: தேர்வு

செருகுநிரலின் பக்கத்தைத் திறந்து, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, உங்கள் விக்கிப் பதிப்புக்குப் பொருந்துமா, பாதுகாப்பு எச்சரிக்கை ஏதும் உள்ளதா என்று பாருங்கள். பிறகு அது என்ன செய்கிறது என்பதை நிதானமாகப் படியுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: பக்கத்துக்குள் ஹெச்டிஎம்எல், பிஎச்பி ஆகியவற்றை நேரடியாக எழுதவிடும் அமைப்புகளை டோக்குவிக்கி 2023 ஏப்ரல் பதிப்பில் மைய நிரலிலிருந்தே நீக்கிவிட்டது. அதே வசதியைச் செருகுநிரல் வழியாகத் திரும்பக் கொண்டுவந்தால், பக்கத்தைத் திருத்தும் உரிமை உள்ள எவரும் மற்றவர்களின் உலாவியில் ஓடக்கூடிய நிரலை அந்தப் பக்கத்தில் எழுதிவிட முடியும். யாரும் திருத்தக்கூடிய விக்கியில் இதை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: திறந்து, நிறுவி, பூட்டுதல்

செருகுநிரல் கோப்புறையின் உரிமையாளராக உங்கள் சொந்தக் கணக்கும், குழுவாக வலைச் சர்வரின் குழுவும் இருக்கட்டும். வழக்கமான அனுமதி 755 (மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள் ஆகியோருக்கானவை; 7 என்றால் எழுதவும் முடியும், 5 என்றால் எழுத முடியாது). இந்த நிலையில் வலைச் சர்வர் படிக்கலாம், எழுத முடியாது. நிறுவப்போகும் நேரத்தில் அந்தக் கோப்புறைக்கு மட்டும் 775 கொடுத்து, நீட்சி மேலாளரில் நிறுவி, விக்கிப் பக்கம் ஒன்றைத் திறந்து சரியாக இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மீண்டும் 755 ஆக்குங்கள். நிறுவ முடியவில்லை என்றதும் பலர் 777 கொடுத்துவிடுகிறார்கள். அது சர்வரில் கணக்கு வைத்திருக்கும் அனைவருக்கும் எழுதும் உரிமையைத் தந்துவிடும் என்பதால் ஒருபோதும் வேண்டாம்.

இங்கே புதியவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தி நிறுவிய செருகுநிரலின் கோப்புறையை உருவாக்கியது வலைச் சர்வர் என்பதால், அதன் உரிமையாளரும் வலைச் சர்வரே. வெளிக் கோப்புறையைப் பூட்டினாலும் உள்ளே இருக்கும் இந்தப் புதிய கோப்புறையில் வலைச் சர்வரால் தொடர்ந்து எழுத முடியும். ஆகவே, புதிய கோப்புறையையும் அதிலுள்ள எல்லாக் கோப்புகளையும் உங்கள் கணக்கின் பெயருக்கு மாற்றிய பிறகே பூட்டும் வேலை முடிந்தது என்று கொள்ளுங்கள்.

நான்காம் படி: புதுப்பித்தல்

கோப்புறையைப் பூட்டிவிட்டால் நீட்சி மேலாளர் பயனற்றுப் போகும் என்று எண்ண வேண்டாம். கோப்புறையில் எழுத முடியவில்லை என்று அது அறிவிக்கும். ஆனாலும் எந்தச் செருகுநிரலுக்குப் புதிய பதிப்பு வந்துள்ளது, எதற்குப் பாதுகாப்பு எச்சரிக்கை உள்ளது என்பதைத் தொடர்ந்து காட்டும். அமைவுக் கோப்பு வழியாக மேலாளரையே முடக்கிவிடவும் முடியும் என்றாலும், அந்த எச்சரிக்கைகளும் கண்ணில் படாமல் போய்விடும் என்பதால் தனியாளாக விக்கியைப் பராமரிப்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. புதுப்பிக்கும் நாளில் அந்தச் செருகுநிரலின் கோப்புறைக்கும் அதிலுள்ள கோப்புகளுக்கும் வலைச் சர்வரை மீண்டும் உரிமையாளராக்கி, மூன்றாம் படியை அப்படியே மறுபடி செய்யுங்கள்.

ஐந்தாம் படி: நீக்குதல்

பயன்படுத்தாத செருகுநிரலை முடக்கி வைத்தால் விக்கி அதை ஏற்றாது. ஆனால் அதன் கோப்புகள் சர்வரிலேயே இருக்கும். அவற்றில் ஏதேனும் ஒன்று முகவரியைத் தட்டச்சு செய்து நேரடியாக அழைக்கக்கூடியதாக இருந்தால், முடக்கிய பிறகும் அது ஓடும். மூன்று மாதங்களாகத் தொடாத செருகுநிரல் இருந்தால், முடக்குவதோடு நிறுத்தாமல் அதன் கோப்புறையையே அழித்துவிடுங்கள். மீண்டும் தேவைப்பட்டால் சில நிமிடங்களில் நிறுவிக்கொள்ளலாம்.