டெல்டாவிலிருந்து ஸ்போர்ட்ஸ் காரை நாமே விற்பது எப்படி?

ஸ்விஃப்டையோ இன்னோவாவையோ விற்பதென்றால் கும்பகோணத்தில் ஒரு டீக்கடையில் சொன்னாலே போதும். பொழுது சாய்வதற்குள் நாலு பேர் வந்து பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். பிஎம்டபிள்யூ இசட்4, ஆடி டிடி, போர்ஷே பாக்ஸ்டர், ஃபோர்டு மஸ்டாங் மாதிரி வண்டி என்றால் கதை வேறு. வேடிக்கை பார்க்க ஊரே வரும், வாங்க ஆள் வராது. பாட்டியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போக முடியாத வண்டிக்கு இங்கே யார் இத்தனை லட்சம் கொடுப்பார்கள்?

வாங்கப் போகிறவர் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பெங்களூரிலோ கொச்சியிலோ இருக்கிறார். நேரில் பார்க்காமலேயே பாதி முடிவை எடுத்துவிட்டுத்தான் தஞ்சாவூருக்கு ரயில் ஏறுவார். ஆகவே முதல் வேலை, தூரத்தில் இருக்கும் அந்த ஆள் நம்பும்படி வண்டியையும் பேப்பரையும் தயார் செய்வது. இரண்டாவது வேலை, ஆர்.சி.யிலிருந்து நம் பெயரை வெளியே எடுப்பது. பலரும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் எல்லாம் இரண்டாவதில்தான் இருக்கிறது.

1. ஆர்.சி.யை எடுத்துப் படியுங்கள்

விளம்பரம், விலை எல்லாம் அப்புறம். முதலில் வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் வண்டியை ஓட்டுவது மகனாக இருக்கும், ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும். அப்பா கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அவர் காலமாகியிருந்தால் முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகுதான் விற்பனை. உரிமையாளர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால், ஆதாரோடு இணைத்த செல் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆன்லைனில் பெயர் மாற்றம் போடும்போது ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும். முடிந்தால் அவர் லீவில் வரும் நேரத்தில் விற்பனையை வைத்துக்கொள்வது நிம்மதி.

அடுத்து ஃபைனான்ஸ். கடன் கட்டி முடித்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும், தானாக அழியாது. வங்கியிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35-உம் வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் எச்.பி. கேன்சல், அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் வேலையைச் செய்ய வேண்டும். வங்கி தரும் அந்தக் கடிதத்துக்குக் காலக்கெடு இருக்கும், பீரோவில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, நம்பர். தஞ்சாவூர் டி.என். 49, திருவாரூர் 50, நாகப்பட்டினம் 51, கும்பகோணம் 68, மயிலாடுதுறை 82. இவற்றில் எதுவாக இருந்தாலும் தமிழ்நாட்டுக்குள் விற்பது சுலபம். நன்னிலத்தைத் தாண்டினால் காரைக்கால் வந்துவிடுகிறது, அங்கே பி.ஒய். 02. பத்து நிமிஷத் தூரம் என்றாலும் அது வேறு பதிவு, வேறு வரி. பி.ஒய். வண்டியைத் தமிழ்நாட்டுக்காரர் வாங்கினால் படிவம் 28-இல் என்.ஓ.சி. எடுத்து, இங்கே ஆயுள் வரி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். விலை உயர்ந்த வண்டிக்கு அந்த வரி லட்சக்கணக்கில் வரும். அதை யார் தலையில் கட்டுவது என்பதை விலை பேசும்போதே முடித்துவிடுங்கள். பிறகு பேசினால் சண்டைதான்.

இவற்றோடு இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், சர்வீஸ் பில்கள், இரண்டு சாவி எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். வீல் லாக் நட்டுக்கான (சக்கரத்தைத் திருடாமல் பூட்டும் நட்டு) அடாப்டர் எங்கே என்றும் தேடி எடுத்து வையுங்கள். விரல் நீளச் சாமான்தான், ஆனால் அது தொலைந்துவிட்டால் டயரைக் கழற்றவே முடியாது. விஷயம் தெரிந்தவர் அதைத்தான் முதலில் கேட்பார். பாக்கி அபராதச் சலான் இருக்கிறதா என்று மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

2. வண்டியைக் கீழிருந்து மேலே பாருங்கள்

மற்ற ஊர் ஸ்போர்ட்ஸ் காருக்கு இல்லாத சில காயங்கள் நம் வண்டிக்கு இருக்கும். ஒரு சர்வீஸ் சென்டரில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் தெரியும். முன் பம்பரின் அடி உதடு முழுக்கக் கீறியிருக்கும். ஊருக்கு ஊர் அளவில்லாமல் போட்ட வேகத்தடை, வாய்க்கால் மதகு மேடு இரண்டும் சேர்ந்து செய்த வேலை. அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயப் போட்டிருப்பார்களே, அதன்மேல் ஓட்டியிருந்தால் எக்ஸாஸ்ட் பைப்பிலும் அச்சிலும் வைக்கோல் முறுக்கிக்கொண்டு கிடக்கும். இது அழகுப் பிரச்சினை இல்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூட்டில் வைக்கோல் பற்றிக்கொள்ளும், உடனே எடுத்துவிட வேண்டும். நாகை, காரைக்கால், வேதாரண்யம் பக்கம் நின்ற வண்டியென்றால் உப்புக்காற்றில் போல்ட், பிரேக் பைப், சைலென்சர் மூட்டு எல்லாம் துரு ஏறியிருக்கும். அப்புறம் எலி. வயலை ஒட்டிய வீட்டில் நாள்கணக்கில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் எலி குடித்தனமே நடத்தும். பிளாஸ்டிக் உறை நீங்கி, செம்புக் கம்பி பளிச்சென்று தெரியும்படி கடித்து வைத்திருக்கும்.

இதில் எதைச் சரிசெய்வது, எதை விடுவது? வயர், பிரேக், துரு, ஆயில் கசிவு எல்லாம் சரிசெய்யத்தான் வேண்டும். பேட்டரி செத்திருந்தால் புதிது போடுங்கள். ஆள் வந்து நிற்கும்போது செல்ஃப் எடுக்காவிட்டால், அந்த ஒரு நிமிஷத்தில் விலை சரிந்துவிடும். பம்பர் கீறலுக்குப் புது பெயின்ட் அடிக்காதீர்கள். புது பெயின்ட்டைப் பார்த்தால் ‘ஆக்சிடென்ட் வண்டியோ’ என்ற சந்தேகம் வரும். பெயின்ட் கனத்தை அளக்கும் மீட்டரை இப்போது பலரும் கையோடு கொண்டுவருகிறார்கள். கீறல் கீறலாகவே இருக்கட்டும், போட்டோவிலும் காட்டுங்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்; 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. குறைவாக ஓடிய வண்டியில் டயர் தேயாமலே கிழடாகிவிடும். மாற்றச் செலவு அதிகம் என்பதால் இதை மாற்றாமல் விலையில் குறைத்துக்கொள்வதே என் யோசனை. வாங்குகிறவர் தனக்குப் பிடித்த பிராண்டைப் போட்டுக்கொள்வார்.

சத்தமான சைலென்சர், ரீமேப் (வேகத்துக்காக இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றுவது) எல்லாம் இருந்தால் எடுத்துவிட்டு, கம்பெனி கொடுத்தபடியே மாற்றி வையுங்கள். பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்கிறது. கழற்றிய பாகத்தைத் தனியாக விற்றால் நல்ல காசும் வரும்.

கடைசியாக, வண்டியின் கோளாறுகளைக் கம்ப்யூட்டரில் காட்டும் முழு ஸ்கேன் போட்டு, ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டா வண்டி என்றதும் போனில் வரும் முதல் கேள்வி, ‘தண்ணியில நின்ன வண்டியாண்ணே?’ என்பதுதான். 2018 நவம்பர் கஜா புயலை வெளியூர்க்காரர்கள் மறக்கவில்லை. சீட்டுக்கடியில் கார்பெட்டைத் தூக்கி, சீட் போல்ட்டையும் சீட் பெல்ட்டின் அடி வரையையும் வீடியோ எடுத்து அனுப்பினால் அந்தக் கேள்வி அங்கேயே முடியும்.

3. விலையும் மாதமும்

உள்ளூரில் இதே மாடல் இருக்காது, ஆகவே இந்தியா முழுக்க வந்திருக்கும் விளம்பரங்களைப் பாருங்கள். அதே வருஷம், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர். அவற்றில் இருப்பது விற்பவர் கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல. மாதக்கணக்கில் அப்படியே தொங்கும் விளம்பரத்தின் விலையை யாரும் கொடுக்கத் தயாராக இல்லை என்றுதான் அர்த்தம். இரண்டு மூன்று டீலர்களிடம் வாங்கும் விலையைக் கேளுங்கள், அது நம் தரைமட்டம். இன்ஷூரன்ஸில் உள்ள ஐ.டி.வி. (கம்பெனி வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) ஒரு அளவுகோல்தான், அதற்கு மேல் மதிப்பில்லை. ஃபேன்சி நம்பருக்குக் கொடுத்த பணத்தை மறந்துவிடுங்கள். வண்டி வேறு மாநிலத்தில் நிரந்தரமாகத் தங்கினால் அந்த நம்பரே மாறிவிடும்.

மாதமும் விலைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் யாரும் இவ்வளவு தாழ்ந்த வண்டியைப் பார்க்க டெல்டாவுக்கு வர மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் வாங்குகிறவரின் அம்மா விட மாட்டார். தையில் ஆரம்பித்து வைகாசிக்குள் முடிப்பது நல்லது. ஆடியில் ஆள் கிடைத்தால் விரட்ட வேண்டாம். ஒரு ரூபாய் சேர்த்த அட்வான்ஸை நல்ல நாளில் வாங்கிக்கொண்டு, ஆவணி முதல் வாரத்தில் டெலிவரி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

4. போட்டோ, விளம்பரம்

காலை ஏழு மணிக்கு முன், நிழல் விழாத வெட்டவெளியில் எடுங்கள். தென்னை மட்டை நிழல் பானெட்டில் விழுந்தால் கீறல் மாதிரி தெரியும். பின்னால் கோபுரம் தெரிந்தால் லைக் வரும், ஆனால் வாங்குகிறவர் பார்ப்பது ரிம்மின் ஓரம், ஸ்டியரிங் தேய்மானம், மீட்டர் ரீடிங், அடிப்பாகம். திறந்து மூடும் கூரை உள்ள வண்டியென்றால் அது முழுதாக மடிந்து விரியும் வீடியோ கட்டாயம் வேண்டும். நம்பர் பிளேட்டையும் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் மறைத்துப் போடுங்கள். பொது விளம்பரத் தளங்களைவிட அந்த மாடல் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் பலனளிக்கும். அங்கே வருகிறவருக்கு வண்டியின் நோய் நொடி எல்லாம் ஏற்கெனவே தெரியும்.

5. போனும் டெஸ்ட் டிரைவும்

‘ஃபைனல் எவ்ளோண்ணே?’ என்று வண்டியைப் பார்க்காமலே கேட்பவரிடம் விலை இறக்காதீர்கள். ‘வாங்க தம்பி, வண்டியைப் பார்த்துட்டுப் பேசுவோம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தன்னை ராணுவ அதிகாரி என்று சொல்லி, வண்டியைப் பார்க்காமலே ஒத்துக்கொண்டு, ‘அட்வான்ஸ் வர இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க’ என்பது ரொம்பப் பழைய மோசடி. பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையில்லை.

டெஸ்ட் டிரைவுக்கு முன் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் அவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்து சீட்டில். இரண்டு சீட் வண்டியில் அவர் நண்பருக்கு இடமில்லை என்பது ஒரு வசதி. தஞ்சாவூர் – திருச்சி நான்கு வழிச் சாலையில், வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். கும்பகோணம் கடைத்தெருவில் ஓட்டிக் காட்டினால் கிளட்ச் சூடாவதைத் தவிர எதுவும் தெரியாது. ‘சும்மா ஒரு ரவுண்டு, ஒரு ரீல்ஸ்’ என்று வரும் பையன்களிடம் தயங்காமல் இல்லை என்று சொல்லுங்கள்.

6. பணம்

ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது. வாங்கினால் அதே தொகை வரை அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது, அதுவும் பணத்தை வாங்கியவர்மேல், அதாவது நம்மேல். ஆகவே ஆர்.டி.ஜி.எஸ். தான். அது இப்போது 24 மணி நேரமும் வேலை செய்கிறது, ‘இன்னைக்கு ஞாயிறு’ என்ற சாக்கு செல்லாது. அவர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ நமக்கு வரும் எஸ்.எம்.எஸ்ஸையோ நம்பாமல், நம் கணக்கைத் திறந்து பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். கடன் பாக்கி இருந்தால் அந்தத் தொகையை நேராக கடன் கணக்குக்கே போடச் சொல்லலாம்.

7. பெயர் மாற்றம்

இங்கேதான் அலட்சியம் கூடாது. 2007-இல் ஒருவர் காரை விற்றார். அது கைமாறிக் கைமாறிப் போனது. 2009-இல் விபத்து நடந்தபோது பதிவேட்டில் அவர் பெயரே இருந்தது. பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ‘நான் எப்பவோ வித்துட்டேனே’ என்ற வாதம் எடுபடவில்லை. ஸ்போர்ட்ஸ் காரை வாங்குகிறவர் அதை மெதுவாக ஓட்டப் போவதில்லை என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29 இரண்டு பிரதி, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் படிவம் 30, இரண்டிலும் கையெழுத்து. தேதியையும் வாங்குகிறவர் பெயரையும் எழுதாமல் வெற்றுத்தாளாகக் கொடுக்கவே கூடாது. புரோக்கர்கள் கேட்பது அதைத்தான். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள், வேறு மாநிலம் என்றால் 45 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். அவர் செய்வார் என்று விடாமல், டெலிவரிக்கு முன்பே பரிவாகன் தளத்தில் இருவரும் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட்டு, கட்டணம் கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டுதான் சாவியை நீட்ட வேண்டும் என்பேன். கேரளா, கர்நாடகா ஆள் என்றால் படிவம் 28 வந்த பிறகே வண்டி போகட்டும்.

ஒரு டெலிவரி நோட்டும் எழுதுங்கள். வண்டி எண், மீட்டர் ரீடிங், தொகை, தேதி, முக்கியமாக மணி. அன்று மாலை 4.10-க்குக் கொடுத்து, 5 மணிக்கு விக்கிரவாண்டி ரோட்டில் கேமராவில் சிக்கினால், அந்த மணிதான் நம்மைக் காப்பாற்றும். இருவர் கையெழுத்து, ஒரு சாட்சி, அடையாள அட்டை நகல்.

8. மிச்சமிருக்கும் சில்லறை வேலைகள்

ஃபாஸ்டேக்கை அன்றே வங்கியில் சொல்லி மூடுங்கள், இல்லாவிட்டால் அவர் ஊர் போய்ச் சேரும்வரை டோல் நம் கணக்கில் போகும். வண்டியின் திரையில் சேமித்த போன் நம்பர்கள், வீட்டு முகவரி எல்லாவற்றையும் அழித்து, கம்பெனி ஆப்பிலிருந்தும் வண்டியை நீக்குங்கள். மறந்தால் விற்ற வண்டி எங்கே நிற்கிறது என்று நம் போன் காட்டிக்கொண்டே இருக்கும். இன்ஷூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதில் உள்ள நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு போகாது, அது நம்முடையது. கம்பெனியிடம் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கினால் மூன்று வருஷத்துக்குள் எடுக்கும் அடுத்த காரின் இன்ஷூரன்ஸில், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். அந்த அடுத்த கார் இன்னோவாவாக இருந்தாலும் செல்லும்.