தெருநாய் மீட்புக்குப் பணம் திரட்டுவது எப்படி? அழுகிற போஸ்ட்டை விட்டுவிட்டு பில்லில் இருந்து தொடங்குங்கள்

நாங்கள் ஐந்து பேர், ஒரு சின்ன ஊரில் அடிபட்ட தெருநாய்களையும் பூனைகளையும் எடுத்து வைத்தியம் பார்க்கிறோம். முதல் இரண்டு வருடம் முழுக்கக் கைக்காசுதான். மெடிக்கலில் பாக்கி ஏறி ஏறி, எங்கள் வண்டிச் சத்தம் கேட்டாலே கடைக்காரர் நோட்டை எடுத்து வைக்கிற நிலை வந்தபோதுதான், பணம் கேட்பதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உறைத்தது. எங்களுக்குப் பலித்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: தனிக் கணக்கு

சம்பளம் வருகிற கணக்கின் கியூஆர் கோடைப் போட்டுப் பணம் வாங்காதீர்கள். உறவினர் அல்லாதவர்கள் தரும் பணம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தமும் உங்கள் வருமானமாகக் கணக்கில் வந்துவிடும், நாய்க்குப் போட்ட ஊசிக்கு நீங்கள் வரி கட்டுவீர்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு டிரஸ்ட் பதிவு செய்து, அதன் பெயரில் பான் கார்டும் வங்கிக் கணக்கும் எடுத்துவிடுங்கள். அலைச்சல்தான், ஆனால் ஒரு தடவைதான்.

இரண்டாம் படி: மாதச் செலவை எழுதுங்கள்

அரிசி, கோழிக்கால், புண்ணுக்கு அடிக்கிற ஸ்ப்ரே, உண்ணி மருந்து, ரேபிஸ் ஊசி, ஆட்டோ வாடகை, எல்லாமே ஒரு நோட்டில். ஆட்டோ வாடகையை எல்லோரும் மறப்பார்கள். மாதம் எவ்வளவு ஆகிறது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் அடுத்தவரிடம் எவ்வளவு கேட்பீர்கள்?

மூன்றாம் படி: கேட்கிற விதம்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். "அவசரம்! வாயில்லா ஜீவனைக் காப்பாற்றுங்கள், உங்களால் முடிந்ததை அனுப்புங்கள்" என்று ரத்தம் வழிகிற போட்டோவோடு ஸ்டேட்டஸ் வைப்பார்கள். பார்க்கிறவர் முகம் சுளித்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் இப்போது இப்படி எழுதுகிறோம்:

"கறுப்பி, மூன்று மாதக் குட்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்தாள். பார்வோ, குட்டிகளை ரத்தபேதியில் தள்ளுகிற வைரஸ் நோய். ஐந்து நாள் டிரிப்ஸ், ஊசி, டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் ஆகும். இதுவரை 1,200 வந்திருக்கிறது. இன்று ராத்திரி டிரிப்ஸுக்கு மட்டும் 900 வேண்டும்."

இதில் மிச்சத்தொகை தெரிகிறது, அதனால் 200 ரூபாய் போடுகிறவருக்கும் அது எங்கே போகிறது என்று புரிகிறது. "முடிந்ததை" என்று கேட்டால் பாதிப் பேர் எவ்வளவு போடுவது என்று யோசித்தே விட்டுவிடுவார்கள். போஸ்ட்டில் தேதி கட்டாயம் போடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து, குட்டி தத்துப்போய்க் கொழுகொழு என்று ஆன பிறகும் அது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் செய்தால் என்ன பெயர் வரும் என்பதையும் எழுதுங்கள். ஒருமுறை எங்கள் போட்டோவை எடுத்து யாரோ தன் கியூஆர் கோடை ஒட்டி வசூல் பண்ணியிருந்தார், அதிலிருந்து போட்டோ மேலேயே குழுவின் பெயரைப் பெரிதாகப் போட்டுவிடுகிறோம்.

நான்காம் படி: பில்லைக் காட்டுங்கள்

பணம் வந்த அன்றே நன்றி, வைத்தியம் முடிந்ததும் பில் போட்டோ. கசங்கின பில்லாக இருந்தாலும் பரவாயில்லை. கறுப்பி நான்காம் நாள் எழுந்து கோழிச்சாறை நக்கியதை வீடியோ எடுத்து, பணம் போட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினோம், அடுத்த நாய்க்கு முதலில் பணம் போட்டவர்களும் அவர்களேதான். பிழைக்கவில்லை என்றாலும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் எப்படியும் ஒரு நாள் "அந்த வெள்ளைக்குட்டி எப்படி இருக்கிறது?" என்று கேட்பார்கள், அப்போது முழிக்க வேண்டிவரும்.

ஐந்தாம் படி: மாதாமாதம் வருகிற பணம்

அவசரத்துக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் ஜனங்களும் சலித்துவிடுவார்கள், நீங்களும் சலித்துவிடுவீர்கள். மாதம் 100 ரூபாய் போடுகிற 80 பேர் கிடைத்தால் 8,000 ரூபாய், எங்கள் அரிசியும் கோழிக்காலும் அதில் முடிந்துவிடும். மாதாமாதம் தானாகவே பணம் வந்துவிடுகிற யுபிஐ ஆட்டோபே வசதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றாம் தேதி ஒரே ஒரு மெசேஜ், அதற்கு மேல் நச்சரிக்கக் கூடாது.

இதைவிட எளிதாக வருவது ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பிறந்தநாளுக்கும் அப்பா அம்மா திதிக்கும் ஆசிரமத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போடுகிற பழக்கம் உண்டு அல்லவா? அதே போல "ஒரு நாள் சாப்பாடு" என்று ஒரு தொகை வைத்து, அந்தத் தேதியில் நாய்கள் சாப்பிடுகிற போட்டோவை அனுப்பினோம். பைரவருக்கு நாய்தான் வாகனம் என்பதால் தேய்பிறை அஷ்டமிக்குத் தனியாகவே ஆட்கள் கேட்டு வருகிறார்கள். முதல் வருடம் போட்டவரின் தேதியைக் குறித்து வைத்து, அடுத்த வருடம் ஒரு வாரம் முன்னால் ஞாபகப்படுத்துங்கள்.

பணம் தர யோசிப்பவரிடம் பழைய பெட்ஷீட், செய்தித்தாள், சாக்கு கேளுங்கள். கொண்டுவந்து கொடுக்கும்போது குட்டிகளைப் பார்த்துவிட்டால் மீதி தானாக நடக்கும்.

ஆறாம் படி: காகித வேலை

டிரஸ்ட் பதிவானதும் வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று சொல்கிற இரண்டு பதிவுகளுக்கும் விண்ணப்பியுங்கள். 12ஏ டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு வாங்க. 80ஜி இருந்தால் பணம் கொடுப்பவர்களில் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு வரிச்சலுகை உண்டு, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, அதனால் பெரிய தொகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடுகிற சிஎஸ்ஆர் நிதிக்கான பட்டியலில் விலங்கு நலனும் இருக்கிறது, ஆனால் மூன்று வருடம் வேலை செய்த கணக்கைக் கேட்பார்கள், புதுக் குழுக்கள் இப்போதைக்கு அதன் பின்னால் அலைய வேண்டாம்.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் மிகவும் கவனம். துபாயில் வேலை பார்க்கிற, இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற மாமா தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவு இல்லாமல் தொடக்கூடாது. அத்தை எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் முதலில் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.