இருட்டு வீட்டை ஆய்வு செய்யும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

சென்னையில் வீடு வாங்கப் போகிறவர்களுக்காக வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதித் தருவது என் வேலை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். டேப் பிடிப்பதில் வரும் சின்னப் பிழைகளை விடுங்கள், பழகினால் சரியாகிவிடும். நான் அந்தக் காலத்தில் செய்ததை அப்படியே அவர்களும் செய்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜன்னலை அளந்து வெளிச்சத்துக்கு டிக் போடுவது

அறை 10க்கு 12 அடி. ஜன்னல் 5க்கு 4. "ஆறில் ஒரு பங்கு வந்துருச்சு சார், ஓகே போட்டுடலாமா?" என்றார் ஒருவர். கணக்கு சரிதான். ஈரப்பதமான வெப்பப் பகுதிகளுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது தரைப்பரப்பில் அந்த ஆறில் ஒரு பங்கைத்தான். ஆனால் ஜன்னல் திறப்பது ஓ.டி.எஸ்ஸுக்குள், அதாவது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் என்று கட்டடத்துக்கு நடுவே மேலே திறந்து விட்ட குறுகிய இடைவெளிக்குள். நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளம். கம்பி வழியே கையை நீட்டினால் எதிர்ச்சுவர்ப் பாசி விரலில் ஒட்டியது. அண்ணாந்து பார்த்தால் கழிவுநீர்க் குழாய்களுக்கு நடுவே கைக்குட்டை அளவு வானம். ஓரடி உள்ளே தள்ளி நின்றால் அதுவும் இல்லை.

இந்த ஒரு தவறு மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், இதே மாதிரி ஒரு சமையலறைக்கு 'ஜன்னல் போதுமானது' என்று எழுதிக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற தம்பதி சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கினார்கள். பகல் பதினொரு மணிக்கும் டியூப்லைட் போடாமல் அரிசியில் கல் பொறுக்க முடியாது. ஒருநாள் கரண்ட் போன நேரத்தில், பாத்திரம் துலக்கும் இடத்துக்கு இறங்கும் மூன்று அங்குலப் படி தெரியாமல் அந்த அம்மா விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. என் அறிக்கையில் படியும் இருந்தது, ஜன்னலும் இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் போனதும் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லி ஐந்து நிமிடம் சும்மா நிற்பேன். பிறகு காய் நறுக்கும் இடத்துக்குப் போய், மேடை மட்டத்துக்குக் குனிந்து, வானம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியாவிட்டால் அங்கே விழுவது சுவரில் பட்டுத் திரும்பிய மிச்ச வெளிச்சம்தான். அப்புறம்தான் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர். உள்ளே ஓர் அளவு, அதே நேரத்தில் மொட்டை மாடியில் நேர்வெயில் படாமல் ஓர் அளவு. மேகமூட்டமான நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. வெளியே 8,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டு, சமையலறைக்கு அதில் 2.5 சதவீதம், அதாவது 200 லக்ஸ் கேட்கிறது இந்தியத் தர அளவு. கூடத்துக்கு 50 போதும். புதியவர்களோடு போன அன்றைக்கு அந்த 10க்கு 12 அறையின் நடுவில் மீட்டர் காட்டியது 11.

காலி மனையை நம்புவது

பக்கத்து மனை காலியாக இருப்பதால் வரும் வெளிச்சத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே நாளைக்கே அஸ்திவாரம் தோண்டலாம்.

நம் கண்ணை வைத்து முடிவு செய்வது

இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குப் போகிறது. பாட்டி இருக்கும் வீட்டில் "எனக்குத் தெரிகிறதே" என்று சொல்லாதீர்கள்.

ஜன்னலோர வெயிலில் வைட்டமின் டி

கிடைக்காது. அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

திரையை ஒதுக்கிவிட்டு அளப்பது

தரைத்தளத்தில் தெருவில் போகிறவர்கள் பார்வைக்காகவும் கொசுவுக்காகவும் வருடக்கணக்கில் மூடியே கிடக்கும் ஜன்னல்கள் உண்டு. அளப்பதற்கு முன், வீட்டில் நாள் முழுக்க இருப்பவரிடம் கேளுங்கள்: "இதைக் கடைசியாக எப்போம்மா திறந்தீங்க?"