பழைய பிக்-அப், லொறிகளுக்கு வீட்டிலேயே உட்கூரை செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒஸ்ரின், மொறிஸ் மைனர், பெட்போர்ட் போன்ற பழைய பிரித்தானிய வாகனங்களைப் பேணிக் காப்பதில் யாழ்ப்பாணத்தவருக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், கிளப்புவதற்குச் சிறிதளவு பெற்றோலையும் ஓடுவதற்கு மண்ணெண்ணெயையும் பயன்படுத்தி இவற்றை ஓட்டியவர்கள் நம்மவர்கள். ஆனால் இயந்திரத்துக்குக் காட்டும் பொறுமையை, கூரைத் தகரத்தின் உட்புறத்தை மறைக்கும் உட்கூரைக்குப் பலர் காட்டுவதில்லை. தகர வேலையும் வர்ணமும் முடிந்த பிறகு, மிஞ்சிய பணத்தில், ஒரே நாளில் துணியை ஒட்டிவிடுகிறார்கள். அடுத்த கோடைக்குள் அது ஓட்டுநரின் தலையில் தொங்குகிறது. பெரும்பாலும் இதில் துணியின்மீது பிழையில்லை. துணிக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் செய்த வேலையிலேயே பிழை இருக்கும்.

பழைய பிக்-அப், லொறிக் கபின்கள் பலவற்றில் உட்கூரை என்பது துணியோ ரெக்சினோ போர்த்திய ஒரு மட்டைப் பலகைதான். அது நைந்து போனதென்று கிழித்து எறிந்துவிட்டு அளவெடுக்கத் தொடங்குவது முதல் தவறு. எவ்வளவு சிதைந்திருந்தாலும் அதன் துண்டுகளை ஒட்டுநாடாவால் பொருத்தி, பெரிய பெட்டி மட்டையொன்றின்மேல் வைத்துக் கோடு கீறிக்கொள்ள வேண்டும். அதே வேளையில், ஈரத்தில் ஊதியும் வெய்யிலில் சுருங்கியும் போன பலகையின் விளிம்பை அப்படியே நம்பவும் கூடாது. வெட்டிய மட்டையைக் கபினுக்குள் தூக்கிப் பிடித்துப் பார்த்துத் திருத்திய பின்னரே நல்ல பலகையில் கத்தியை வைக்க வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு பாதியை மட்டும் வரைந்து, மடித்து, மறுபாதியையும் அதே அளவில் வெட்டுவோர் உண்டு. பல முறை அடிபட்டு, பல கராஜ்களில் நிமிர்த்தப்பட்ட கபினில் இடமும் வலமும் ஒத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நடுக்கோட்டிலிருந்து இரு புறமும் தனித்தனியே அளந்தால்தான் ஓரங்கள் சரியாக அமரும்.

பலகைக்கு 3 மில்லிமீற்றர் ஹாட்போட் (மரநாரை அழுத்திச் செய்த மெல்லிய பலகை) போதும். அதைவிடத் தடித்தது கூரையின் வளைவுக்கு இணங்காது. பலவந்தமாக வளைத்துத் திருகாணி இட்டால் திருகாணியடியில் வெடிக்கும். சொரசொரப்பான பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து, வளைவான ஒரு தாங்கியின்மேல் பாரமேற்றி, இரவு முழுவதும் விட்டு, பின் நன்றாகக் காயவைத்தால் வளைவு நிலைத்துவிடும். முழுப்பலகை கதவு வழியாக உள்ளே போகுமா என்பதையும் மட்டையை வைத்தே சோதித்துக்கொள்ள வேண்டும். போகாதென்றால் இரண்டு துண்டாக்கி நடுவில் ஒரு பட்டி வைப்பதில் குறையொன்றும் இல்லை.

பழைய உட்கூரை கழன்றிருக்கும் நாட்கள் அருமையானவை, ஏனென்றால் கூரைத் தகரத்தின் உட்புறத்தை வேறு எப்போதும் பார்க்க முடியாது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் மூடிவிடுவதையே நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை எங்கிருந்து உள்ளே வருகிறது என்பதை அப்போதே கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் வெளியே நின்று குழாய்நீரைப் பாய்ச்ச, இன்னொருவர் உள்ளேயிருந்து முன்கண்ணாடி இறப்பரின் மேல்விளிம்பையும் தண்ணீர் வடியும் பீலியின் பொருத்தையும் கவனித்தால் கசிவு அகப்படும். கறளைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, கறள் தடுப்புப் பூச்சுப் பூசாமல் மூடினால், கரையோர உப்புக்காற்று மிச்ச வேலையைச் செய்துவிடும். சூட்டைத் தடுக்கவென்று பஞ்சையோ சாக்கையோ தும்பையோ கூரைக்கும் பலகைக்கும் இடையில் அடைப்பதும் கேடு. அவை ஈரத்தை உறிஞ்சித் தகரத்தோடு அணைத்து வைத்திருக்கும். நீர் உறிஞ்சாத, ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய நுரைவிரிப்பே பொருத்தமானது. ஹாட்போட்டின் இரு முகங்களுக்கும், மறவாமல் வெட்டு விளிம்புகளுக்கும் திருகாணித் துளைகளுக்கும், வார்னிஷ் பூசிக் காயவிட வேண்டும். ஈரத்தை முதலில் குடிப்பது வெட்டிய விளிம்பே.

பலகை நல்ல நிலையில் இருந்து துணி மட்டும் தொங்கும் வாகனங்களில் வேறொரு தவறு நேர்கிறது. அந்தத் துணியின் முதுகில் மெல்லிய ஸ்பொஞ்ச் ஒட்டியிருக்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்து ஆண்டுக் கணக்கில் அதை அரித்துவிட, துணியை உரித்ததும் பலகையில் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ ஒரு படலம் மிஞ்சும். பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள்மாப் போல விரலில் ஒட்டும், சில இடங்களில் பிசுபிசுக்கும். இதன்மேல் எந்த உயர்ந்த பசையைப் பூசினாலும் பசை பிடிப்பது பலகையை அல்ல, அந்தத் தூளைத்தான். ஆகையால் விரலில் எதுவும் ஒட்டாத அளவுக்குத் தூரிகையால் தேய்த்துத் துடைத்த பின்னரே பசைப் பேணியைத் திறக்க வேண்டும். அந்தத் தூளைச் சுவாசிக்காதவாறு முகக்கவசம் அணிவதும், வாகனத்துக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் தேய்ப்பதும் அவசியம்.

பசை விடயத்தில் மலிவைப் பார்ப்பவர்கள் இரண்டு முறை செலவழிக்கிறார்கள். பங்குனி, சித்திரை வெய்யிலில் நிழலின்றி நிற்கும் வாகனத்தின் கூரைத் தகரம் 70 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். செருப்புக்கும் மேசைவிரிப்புக்கும் போதுமான சாதாரணப் பசை அந்தச் சூட்டில் இளகி, துணியின் பாரத்தைத் தாங்காமல் கைவிடும். வாகன உட்கூரைக்கென்றே விற்கப்படும், உயர் வெப்பம் தாங்கும் பசையைக் கேட்டு வாங்க வேண்டும். பலகை, துணி இரண்டிலும் மெல்லியதாகப் பூசி, விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டுவதுபோல் இருந்தும் விரலில் வராத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஈரமாகவே ஒட்டினால் பசையின் கரைப்பான் ஸ்பொஞ்சைக் கரைத்து, துணியின் முகத்தில் கறையாக ஊறி வெளிவரும். நண்பகலில் பூசினாலோ ஒட்டுவதற்கு முன்பே காய்ந்துவிடும். சோளகம் வீசும் மாதங்களில் திறந்த முற்றத்தில் பூசிய பசைக்குக் காற்றே புழுதியைத் தூவிவிடும். மழைக்கால ஈரமும் பசைக்கு ஆகாது. காலை வேளையில், மூன்று பக்கமாவது திறந்த கொட்டகையில், அருகில் நெருப்பேதும் இல்லாமல் செய்வதே நல்லது.

துணியைப் பொறுத்தவரை, இழுபடாத கதிரைத்துணியும் தடித்த ரெக்சினும் பள்ளங்களில் படியாமல் சுருக்கம் விழும். மெல்லிய ஸ்பொஞ்ச் முதுகுள்ள, சற்று இழுபடும் துணியே வேண்டும். சுற்றிவர இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டி, ஒரு பாதியை மடித்துவிட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டு போக வேண்டும். பள்ளமான இடத்தில் துணியை முதலில் அடிவரை அமர்த்தாமல் மேலே இழுத்து ஒட்டினால், சில வாரங்களில் அந்த இடம் கூடாரமாக எழும்பும். விளக்குக்கான துளையை ஒட்டிய பின்னரே, அதுவும் தேவையைவிடச் சிறிதாக வெட்ட வேண்டும்.

மொறிஸ் மைனர் போன்ற சலூன் கார்களில் பலகை இல்லை. துணியில் தைத்த உறைகளுக்குள் செல்லும் வளைகம்பிகள் உட்கூரையைத் தாங்கும். ஒவ்வொரு கம்பியின் வளைவும் நீளமும் வேறாக இருக்கலாம் என்பதால், கழற்றும்போதே முன்னிருந்து இலக்கமிட்ட நாடா சுற்றாதவர்கள் பின்னர் வெகுவாகத் திண்டாடுவார்கள்.

கபின் விளக்கின் வயரில் சாவியைத் திருப்பாமலே மின்சாரம் இருக்கக்கூடும். எனவே பற்றரியைக் கழற்றாமல் அதைத் தொடக்கூடாது. பழைய பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் உடற்தகரத்தோடு இணைந்திருப்பது நேர்முனை என்பதையும் திரும்பப் பூட்டுமுன் கவனிக்க வேண்டும். உறை உதிர்ந்த வயரை மாற்றாமல் பலகையை ஏற்றினால், அடுத்த முறை எல்லாவற்றையும் மீண்டும் கழற்ற வேண்டிவரும். ஒட்டிய பலகையை ஒரு முழு நாள் தட்டையாக, நிழலில் விட்டு, பிறகு இருவராகத் தூக்கி, நடுத் திருகாணியில் தொடங்கி ஓரங்களுக்குப் போக வேண்டும். எல்லாத் திருகாணிகளும் துளைகளுக்குள் இறங்கிய பின்னரே எதையும் இறுக்கலாம்.