பூங்கா நிலையத்தில் இறங்கி சென்ட்ரலில் வண்டி மாறுவது எப்படி

தாம்பரத்திலிருந்து ஆவடிக்கோ, கிண்டியிலிருந்து திருவொற்றியூருக்கோ மின்சார ரயிலில் முதன்முறையாகப் புறப்படுபவரிடம், "பார்க்கில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது சென்னையில் வழக்கம். அந்த ஒரு வரிக்குள் ஒரு பெருஞ்சாலையும், ஒரு சுரங்கப்பாதையும், ஏறக்குறைய ஒரே பெயருடைய இரண்டு நிலையங்களும் இருப்பதை யாரும் சொல்வதில்லை.

எதிரெதிரே பூங்கா, சென்ட்ரல் என இரண்டு நிலையங்கள் ஏன் என்பது தெரிந்துவிட்டால் வழியும் மனத்தில் நின்றுவிடும். 1873-இல் எழுந்த சென்ட்ரல், மேற்கிலும் வடக்கிலும் செல்லும் அகலப் பாதைகளின் முனையம். பின்னாளில் அது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயிடம் இருந்தது. சாலைக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து எழும்பூர் வழியாகத் தாம்பரம் சென்ற மீட்டர் பாதையோ சவுத் இந்தியன் ரயில்வேயுடையது. 1931-இல் அந்தப் பாதையில் மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. நிறுவனமும் வேறு, தண்டவாள அகலமும் வேறு என்பதால் ஒன்றின் வண்டி மற்றொன்றுக்குள் நுழைய வழியே இல்லை. 1951-இல் இரண்டும் தெற்கு ரயில்வேயில் இணைந்தன. 2004-இல் கடைசி மீட்டர் பாதை மின்சார ரயிலும் விடைபெற்றது. ஆனாலும் நடுவிலுள்ள சாலையை இன்றும் பயணிதான் கடக்க வேண்டியிருக்கிறது.

சீட்டு எடுக்கும்போதே சேருமிடம் வரை எடுத்துவிடுவது நல்லது. தாம்பரத்திலிருந்து ஆவடிக்கு ஒரே சீட்டு போதும். சென்ட்ரலில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சீட்டு வாங்கிய ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். நாள்தோறும் செல்பவர் மூன்று மாத சீசன் டிக்கெட் எடுத்தால், மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான் ஆகும்.

ஏறும்போது பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறவும். அவசரத்தில் முதல் வகுப்பிலோ மகளிர் பெட்டியிலோ ஏறிவிடுபவர்கள் தினமும் இருக்கிறார்கள். முதல் வகுப்பில் உரிய சீட்டின்றிப் பிடிபட்டால் கட்டணத்துடன் குறைந்தது 250 ரூபாய் அபராதம் கட்ட நேரும். 2025 ஏப்ரல் முதல் கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஓடும் குளிர்சாதன வண்டிக்கும் தனிச் சீட்டு வேண்டும்; சாதாரணச் சீட்டு அதில் செல்லாது.

தெற்கிலிருந்து வருபவர் எழும்பூரைத் தாண்டியதும் வாசலருகே வந்து நின்றுகொள்ளலாம், அடுத்தது பூங்கா. பறக்கும் ரயிலில் வருபவர் இறங்க வேண்டியதோ பூங்கா நகர். இரண்டும் நடந்துபோகும் தொலைவில் உள்ள தனித்தனி நிலையங்கள். அந்நாளில் இப்பகுதியில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் என்னும் பரந்த பூங்காவின் நினைவு இரண்டு பெயர்களிலும் ஒட்டிக்கொண்டதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். திரும்பும்போதுதான் பலரும் ஏமாறுகிறார்கள்: தாம்பரம் செல்ல வேண்டியவர் பூங்கா நகர் மேடையில் எவ்வளவு நேரம் நின்றாலும் தாம்பரம் வண்டி வராது.

பூங்கா நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சாலையில் இறங்கிக் கடக்க முயல வேண்டாம், சுரங்கப்பாதையில் செல்லவும். மறுபுறம் ஏறியதும் மணிக்கூண்டுடன் நிற்கும் சிவப்புக் கட்டடம்தான் சென்ட்ரல். 2019-இல் சூட்டப்பட்ட எம்.ஜி.ஆர். பெயர் பலகைகளில் நீளமாக இருக்கும், திகைக்க வேண்டாம். புறநகர் வண்டிகள் அந்தக் கட்டடத்துக்குள் இல்லை. அதைப் பார்த்தபடி நின்றால் இடப்புறம், ரிப்பன் கட்டடத்தை எட்டுவதற்கு முன்பே வரும் மூர் மார்க்கெட் வளாகத்துக்குச் செல்ல வேண்டும். பழைய புத்தகங்களுக்குப் பெயர்போன மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையான பிறகு, அந்த இடத்தில் எழுந்த முனையம் இது. அரக்கோணம், கும்மிடிப்பூண்டித் தடங்களின் வண்டிகள் இங்கிருந்தே புறப்படுகின்றன. நடைமேடை எண்ணை முந்தைய நாள் அனுபவத்தை நம்பாமல் மின்பலகையில் பார்த்துக்கொள்ளவும்.

கையில் சுமை இல்லாதவருக்குப் பத்து நிமிடத்தில் இந்த மாற்றம் முடிந்துவிடும். பெட்டி படுக்கையுடன் விரைவு ரயில் பிடிக்கப் போகிறவர் அரை மணி நேரமாவது ஒதுக்குவது நலம். முதியவர்களோடு செல்பவருக்கு என் யோசனை வேறு: வடக்கு, மேற்குத் தடங்களின் சில வண்டிகள் ராயபுரம் வழியாகக் கடற்கரை நிலையத்துக்கே வருகின்றன. கால அட்டவணையில் அப்படியொன்று பொருந்தினால் பூங்காவில் இறங்காமல் கடற்கரை வரை சென்று, அந்த நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு என்பதால், குறிப்பாக அன்று இந்த யோசனையை அட்டவணை பார்த்த பிறகே நம்பவும்.