டபுள் கெப்புக்கு பெட்லைனர்: கடற்கரை ஊர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெப் ஒன்று வாங்கினால் முதல் வேலையாகப் பின்பெட்டிக்கு லைனர், அதாவது தகட்டைக் காக்கிற உள்ளுறையோ பூச்சோ, போடுவது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. நியாயமான ஆசைதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஹைலக்ஸுக்கும் எல்200க்கும் கேட்ட விலையைப் பார்த்தவர்கள், இருக்கிற வாகனத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கத்தான் நினைப்பார்கள். ஆனால் பாதுகாக்கவென்று போட்ட லைனரே பெட்டியைத் தின்று முடித்த கெப்களும் நம் வீதிகளில் ஓடுகின்றன. மேலே பார்த்தால் கறுப்பாக, புதிது போல இருக்கும். லைனரைத் தூக்கினால் தகடு கையோடு உதிர்ந்து வரும்.

லைனர் விளம்பரங்கள் பெரும்பாலும் கீறலையும் நசுங்கலையும் பற்றியே பேசுகின்றன. பெயின்ட் கீறுப்பட்டதால் மட்டும் ஒரு பெட்டியில் ஓட்டை விழுவதில்லை. கீறிய இடத்தில் உப்புத் தண்ணீர் நின்று, காயாமல் கிடந்தால் விழும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாகனம் வைத்திருப்பவர், லைனர் பார்க்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இதற்கு அடியில் தண்ணீர் போனால் எந்த வழியால் வெளியே வரும்? பதில் சொல்ல அவர் தடுமாறினால் அந்தச் சாமானை விட்டுவிடலாம்.

என்ன ஏற்றப்போகிறோம் என்று யோசிக்காமல் வாங்குவது

வாழைச்சேனையில் மீன் ஏற்றுபவரும், சம்மாந்துறையில் நெல் மூடை ஏற்றுபவரும், கல்முனையில் சீமெந்துக் கல் ஏற்றுபவரும் ஒரே கடையில் ஒரே லைனரை வாங்கிப் போடுகிறார்கள். மூவருக்கும் தேவை வேறு.

மீன் வண்டியை எடுத்துக்கொள்வோம். ரெஜிபோம் பெட்டியில் இருந்து கசிவது வெறும் ஐஸ் தண்ணீர் இல்லை. உப்பும் இரத்தமும் மீனின் கொழுப்பும் கலந்தது. பிரேக் போடும்போது அது கெபின் பக்கத்து மூலைகளுக்கு ஓடும், வண்டி ஏற்றத்தில் ஏறும்போது பின்கதவு இடுக்கில் வந்து தேங்கும். விளிம்பும் இடைவெளியும் உள்ள எந்த லைனரும் இந்தத் தண்ணீரை உள்ளே விட்டு வைத்துக்கொள்ளும். நாற்றம் வேறு. மீன் ஏற்றுபவருக்குத் தகட்டோடு ஒட்டிப் பிடிக்கிற ஸ்பிரே பூச்சுதான் சரி. அதை ஒழுங்காக அடித்திருக்க வேண்டும் என்பது வேறு கதை, அதற்குக் கீழே வருகிறேன்.

வயல்காரர்கள் பசளைப் பையைக் காய்ந்த சாமான் என்று நினைப்பதுண்டு. எம்.ஓ.பி. என்று வாங்குவது பொட்டாசியம் குளோரைட். கடலுப்பில் இருந்து இரும்பை அரிக்கிற அதே குளோரைட் அதிலும் இருக்கிறது. யூரியா காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். கிழிந்த பையில் இருந்து சிந்திய ஒரு கைப்பிடி லைனருக்கு அடியில் போய்ச் சேர்ந்தால், சிறுபோகத்துக் காய்ச்சல் வெயிலிலும் அந்த இடம் ஈரமாகவே கிடக்கும். கடலே காணாத உகனைப் பக்கத்து வண்டிக்கும் கறள் வருவது இப்படித்தான்.

கல், கம்பி, தண்ணிப் பம்பி ஏற்றுபவர்களுக்கு வேறு பிரச்சினை. ஸ்பிரே பூச்சு கீறலைத் தடுக்கும். உயரத்தில் இருந்து விழுகிற கருங்கல்லின் அடியைப் பெரிதாகத் தாங்காது, தகடு நசுங்கினால் பூச்சும் சேர்ந்து உள்ளே போகும். அடியைத் தாங்கத் தடித்த பிளாஸ்டிக் தொட்டியோ, பூச்சின் மேல் ஒரு கனத்த றபர் பாயோ வேண்டும். சந்தைக்குப் போய் மரக்கறியும் எப்போதாவது ஒரு சைக்கிளும் ஏற்றுகிற வீட்டு வாகனத்துக்கு இவ்வளவு செலவே தேவையில்லை. றபர் பாய் ஒன்று போதும்.

பிளாஸ்டிக் தொட்டியைப் போட்டுவிட்டு மறந்துவிடுவது

பெட்டியின் வடிவத்திலேயே அச்சில் வார்த்த, தூக்கி உள்ளே வைக்கிற லைனர்தான் அதிகம் விற்கிறது. மலிவு, உடனே போடலாம், வாகனம் விற்கும்போது கழற்றிக்கொள்ளலாம். அடி தாங்குவதில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அதன் குறையும் அந்த வசதியிலேயே இருக்கிறது: அது தகட்டோடு ஒட்டுவதில்லை.

கச்சான் காற்றுக் காலத்துப் புழுதியும் கடற்கரை மணலும் லைனரின் விளிம்பால் மெல்ல உள்ளே இறங்கும். வண்டி ஓட ஓட லைனர் அதிரும். அடியில் சிக்கிய மணல் பெயின்டை அரைத்துக்கொண்டே இருக்கும், சான்ட் பேப்பர் போட்டுத் தேய்த்த மாதிரி. பெயின்ட் போன இடத்தில் கார்த்திகை மழைத் தண்ணீர் வந்து நிற்கும். மேலே மூடி இருப்பதால் வெயிலும் படாது, காற்றும் போகாது. லைனர் இல்லாமல் விட்டிருந்தால் மழை ஓய்ந்து ஒரு மணித்தியாலத்தில் காய்ந்திருக்க வேண்டிய தகடு, நாள்கணக்கில் ஈரத்தில் ஊறும்.

ஆகவே இந்த வகையை வாங்கினால் கழற்றிக் கழுவுவதையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். மாரி தொடங்குமுன் ஒரு தடவை, மழை முடிந்து தை பிறந்த பிறகு ஒரு தடவை என்பது குறைந்தபட்சம். மீனோ பசளையோ ஏற்றினால் மாதம் ஒருமுறை. இருவர் இருந்தால் பெரிய வேலை இல்லை: பின்கதவைத் திறந்து, பக்கக் கிளிப்புகளை எடுத்து, பக்கச் சுவர்களை உள்பக்கம் வளைத்தபடி லைனரைப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். வெயிலில் சற்று விட்டால் பிளாஸ்டிக் இளகும், வளைக்க லேசு. கழுவிய பிறகு மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள்: கெபின் பக்கத்து இரண்டு மூலை, சில்லு மேட்டின் அடிவிளிம்பு, பின்கதவுக்கு முன்னால் உள்ள மடிப்பு. ஸ்குறூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று சொல்லும், அரித்த தகட்டின் சத்தம் செத்திருக்கும்.

கழுவும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் சவர்த் தண்ணீர்தான். அதால் கழுவிவிட்டு உப்புப் போய்விட்டது என்று நினைத்தால் நம்மை நாமே ஏமாற்றுவதாகும். குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நல்லது.

இன்னொன்று, இந்தப் பிளாஸ்டிக் வழுக்கும், நனைந்தால் இன்னும் மோசம். கட்டாமல் வைத்த ஐஸ் பெட்டி, திடீர் பிரேக்குக்கு நேராகக் கெபினின் பின்பக்கம் போய் மோதும். கயிறு கட்டுகிற கொழுவிகளை மறைக்கிற லைனரை வாங்கவே வேண்டாம்.

பழைய கெப் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லைனரோடு நிற்கிற வாகனத்தை, அதைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். "அதெல்லாம் நல்லாக் கிடக்கு, கழட்டத் தேவல்ல" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே சந்தேகம் வரவேண்டும்.

கறளின் மேல் ஸ்பிரே அடிப்பது

"மேல அடிச்சா கறள் நிண்டிரும் மனே, பயப்புடாத." கராஜ்களில் சாதாரணமாகக் கேட்கிற வசனம் இது. நிற்காது. கறளுக்குள் உப்பும் ஈரமும் ஏற்கெனவே ஒளிந்திருக்கும். பெட்டியின் அடிப்பக்கத்தில் யாரும் பூச்சு அடிப்பதில்லை, அங்கிருந்தும் காற்றும் தண்ணீரும் வந்துகொண்டே இருக்கும். கொஞ்சக் காலத்தில் பூச்சு அங்கங்கே கொப்பளித்து மேலெழும். அப்புறம் திருத்துவதும் கஷ்டம், ஏனென்றால் ஸ்பிரே பூச்சைக் கிறைண்டர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார்க்கலாம், இதை முடியாது. ஒரு தடவை அடித்தால் அடித்ததுதான்.

அதனால் எந்தக் கம்பனியின் பூச்சு என்பதை விட, அதற்கு முன் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும். கழுவாமல் சான்ட் பேப்பர் போட்டால் உப்பைத் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றுகிற வேலைதான் நடக்கும். பிறகு எண்ணெய்ப் பசை எடுப்பது, கறளை வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டுவது, பழைய பெயின்டின் பளபளப்பை மங்கச் செய்வது, வெறும் தகட்டுக்குக் கறள் தடுக்கும் பிறைமர். பளபளப்பு போகாத பெயின்டில் பூச்சு பிடிக்காது; பிறகு விளிம்பில் நகத்தால் கிளப்பினால் ஒரு தாளாக உரிந்து வரும். நல்ல கராஜ்காரர் பூச்சு அடிக்குமுன் உங்களைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டுவார். காலையில் விட்டுப் பின்னேரம் எடுக்கலாம் என்கிற இடத்தில், பழைய வாகனத்தைக் கொடுக்க நான் தயங்குவேன்.

பூச்சுகளில் இரண்டு குடும்பம் உண்டு. பொலியூரியா, சூடாக்கி உயர் அழுத்தத்தில் இயந்திரத்தால் அடிப்பது. சில விநாடிகளில் இறுகிவிடும், காற்றில் உள்ள ஈரம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. அதற்கான இயந்திரம் விலை கூடியது. பொலியூரித்தேன் வகையைச் சாதாரணக் கொம்பிரசரும் துப்பாக்கியும் வைத்து அடிக்கலாம், சிலவற்றை ரோலராலும் பூசலாம். ராப்டர் என்ற பெயரில் விற்கிற பூச்சு போன்றவை இந்த இனம். இதில் இறுக்குகிற பொருளான ஐசோசயனேட் தண்ணீரைக் கண்டால் அதோடும் சேர்ந்து காபனீரொட்சைட்டை உண்டாக்கும். அந்த வாயு வெளியே வரப் பார்த்துப் பூச்சில் ஊசித் துளைகளை விடும். கார்த்திகை, மார்கழியில் தகரக் கொட்டிலுக்குள் மழைச் சாரலோடு அடித்த பூச்சு சல்லடையாக இருப்பதன் காரணம் இது. தகட்டின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையை விடக் குறைந்தது 3 பாகையாவது கூடியிருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையில் பொதுவான விதி. நம் ஊரில் அதன் எளிய அர்த்தம்: ஆனி, ஆடி, ஆவணியில் நல்ல வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள், மாரியில் செய்யாதீர்கள்.

கலவை அளவையும் கண்மதிப்பில் விடக்கூடாது. ராப்டரில் பூச்சு 3 பங்கு, இறுக்கி 1 பங்கு. குறைத்து ஊற்றினால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும்.

தடிப்பும் முக்கியம். இயந்திரத்தால் அடிக்கிற நல்ல லைனர் தளத்தில் ஏறத்தாழ 1.5 முதல் 3 மில்லிமீற்றர் வரை இருக்கும். ரோலரால் ஒரு கை பூசியது அதன் பக்கத்திலும் வராது. கறுப்பு நிறம் தெரிந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நிறம் வேறு, தடிப்பு வேறு.

பூச்சுக்கு முன் ஒரு பார்வை பெட்டித் தளத்தின் வடிகால் துளைகளுக்குப் போகட்டும். அவற்றை அடைத்துவிட்டால் பெட்டி குளமாகும். பெட்டியை அடிச்சட்டத்தோடு பிடிக்கும் போல்ட் தலைகளுக்கும் கொழுவிகளுக்கும் மறைப்புப் போட்டு அடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பின்னொரு நாள் பெட்டியைக் கழற்ற வேண்டி வரும்போது பூச்சைக் கொத்த வேண்டியிருக்கும். வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாவது மலிவான பூச்சுகளுக்கு இயல்பு. பார்க்க அசிங்கம், அதற்காகப் பூச்சு கெட்டுவிட்டது என்று பயப்படத் தேவையில்லை.

இந்த வேலையை வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஐசோசயனேட் ஆவியைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு சிறிதளவே போதும் மூச்சு முட்ட. கொரோனாக் காலத்துத் துணி மாஸ்க் இதைத் தடுக்காது, சுத்தமான காற்றைக் குழாயால் கொடுக்கிற முகமூடி வேண்டும். பிள்ளைகள் ஓடித்திரிகிற வளவில் "தம்பிதானே அடிக்கிறான், காசு மிச்சம்" என்பது நல்ல கணக்கு இல்லை.

ஸ்குறூ, அலுமினியம், அளவு

லைனர் ஆடுகிறது என்று தளத்தில் துளை போட்டு ஸ்குறூ முடுக்குவது, கறளுக்கு நாமே கதவு திறந்து கொடுப்பது. வேறு வழியே இல்லையென்றால் துளையின் விளிம்புக்குப் பிறைமர் தொட்டு, றபர் வாஷர் போட்டு முடுக்குங்கள்.

புள்ளி போட்ட அலுமினியத் தகடு அடிப்பதும் இங்கே நாகரிகம். கடலுக்குத் தள்ளியுள்ள ஊர்களில் சரி. கடற்கரையில், இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும், ஸ்குறூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். அடியில் தேங்கிய தண்ணீர் இரும்பையும் விடாது.

அளவு விஷயத்தில், "ஹைலக்ஸுக்கு" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 2015இல் ரெவோ என்ற புதுத் தலைமுறை ஹைலக்ஸ் வந்தபோது பெட்டி மாறிவிட்டது, அதற்கு முந்திய வீகோவின் லைனர் அதற்குச் சரியாக உட்காராது. டபுள் கெப்பின் பெட்டி நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர், சிங்கிள் கெப்பில் அது இரண்டு மீற்றருக்கு மேல். தயாரித்த வருடத்தைப் புத்தகத்தில் பார்த்து, டேப் பிடித்து அளந்துகொண்டு போங்கள். றபர் பாய் வாங்குபவர்கள் ஜெனரேட்டர், டீசல் கேன் ஏற்றுவதானால் யோசிக்க வேண்டும். எண்ணெய் ஊறினால் பல றபர்கள் உப்பிப் போகும். பாய்க்கு அடியிலும் தண்ணீர் தேங்கும், ஆனால் ஒரு கையால் சுருட்டி மதிலில் காயப்போடலாம் என்பது பெரிய வசதி.

என்னைக் கேட்டால், பத்து வருடம் தாண்டிய வாகனத்துக்கு முதலில் கறள் வேலைக்குக் காசு ஒதுக்குவேன். மிச்சத்தில் றபர் பாய். தகடு சுத்தமாக இருக்கிற புது வாகனம், அதுவும் மீனுக்கு என்றால் ஆடி, ஆவணியில் ஸ்பிரே. அடித்த மறுநாளே சுமை ஏற்றாதீர்கள்: பொலியூரித்தேன் வகை தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் முழுதாக இறுக ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும்.